ஒரே தோட்டத்துக்கு மூன்று முதலாளிகள்: மலையக ஆவணப் பட்டியல் ஒன்றை ஆன்டாலஜி பேட்டர்ன்களைக் கொண்டு திருத்திய கதை

கூடலூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். அவருடைய தாத்தா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தவர், 1970களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர், இப்போது இல்லை. கையில் மிஞ்சியிருப்பது ஒரு குடும்ப அட்டை. அதில் ஆங்கிலத்தில் ஒரு தோட்டத்தின் பேர், பக்கத்தில் ஹட்டன் என்று மட்டும். அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறதா, தாத்தா இருந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

பதிலுக்கு வேண்டிய மூன்று தாள்களும் எங்கள் அலுமாரியில்தான் இருந்தன. மூன்றையும் கணினியில் ஏற்றியும் வைத்திருந்தோம். ஆனால் அட்டையில் இருந்த பேரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஏன் வரவில்லை, அப்புறம் எதை எப்படி மாற்றினோம் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். மலையகத்தில் இப்படிப் பழைய தாள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நாங்கள் மட்டுமில்லை, அவர்களும் இதே பள்ளத்தில் விழ வேண்டாம். தோட்டத்தின் பேரை இங்கே எழுதவில்லை, அது அந்தக் குடும்பத்தின் விஷயம்.

நாங்கள் சின்னக் குழு. இரண்டு ஆசிரியர்கள், ஒரு பல்கலைக்கழக மாணவி, தோட்டத்தில் வேலைக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர், அப்புறம் கொழும்பில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு ஊர் வரும் நான். சேர்ந்திருப்பவை செக்ரோல் (தினசரி வேலைப் பதிவு) தாள்கள், துண்டுச் சீட்டுகள், தொழிற்சங்க சந்தா ரசீதுகள், திருவிழா நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள், காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எடுத்த படங்கள். முதலில் எல்லாம் ஒரு எக்செல் தாளில்தான் இருந்தது. அதை இணைத்த தரவாக, அதாவது லிங்க்ட் டேட்டாவாக மாற்றலாம் என்று சொன்னது நான்தான். அதில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஊருக்கும் தாளுக்கும் வலையில் ஒரு நிலையான முகவரி இருக்கும், ஒவ்வொரு தகவலும் "இது – இந்த உறவு – அது" என்று மூன்று துண்டாக இருக்கும். அதைத்தான் ஆர்.டி.எஃப். ட்ரிப்பிள் என்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் தன்னுடைய தரவை நம்முடையதோடு சேர்த்துக் கேள்வி கேட்க முடியும். டிம் பெர்னர்ஸ் லீ 2006இல் இதற்கு நான்கு விதிகள் எழுதினார். கூடலூரிலும் கோத்தகிரியிலும் கிடக்கும் குடும்ப அட்டைகள் இங்கே கிடக்கும் செக்ரோலோடு சேர வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

எந்த மாதிரிப் பொருட்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே என்னென்ன உறவு என்று வரையறுக்கிற சட்டகம்தான் ஆன்டாலஜி. அதை ஒரே வார இறுதியில் நானே வரைந்தேன். அவசரப்பட்டேன்.

விழுந்த இடம்

நான் வரைந்தது இப்படி: தோட்டம் – உரிமையாளர் – கம்பனி. தோட்டம் – இருக்கும் இடம் – ஹட்டன். ஆள் – தொழில் – கங்காணி. பார்த்தால் சுத்தமாக, யாருக்கும் புரிகிற மாதிரித்தான் இருக்கும்.

முதல் சிக்கல் முகவரியிலேயே இருந்தது. தோட்டத்தின் முகவரியில் அதன் ஆங்கிலப் பேரையே வைத்திருந்தேன், அதுவும் இன்றைக்கு இருக்கிற பேரை. எக்செல்லைச் சுத்தம் பண்ணும்போது பழைய பேர்களையெல்லாம் "தப்பு" என்று நினைத்து இன்றைய பேருக்கு மாற்றிவிட்டோம். அக்காவின் அட்டையில் இருந்த தோட்டம் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது, பேரும் போய்விட்டது. தாத்தா இருந்த கீழ்க்கணக்கு (தோட்டத்தின் பிரிவைத்தான் கணக்கு என்போம்) இப்போது வேறு தோட்டத்தின் ஒரு டிவிஷன். பழைய பேரை அழித்தது நாங்களே. செக்ரோலில் அது தெளிவாக எழுதியிருந்தது, எழுதியிருந்ததை நாங்கள்தான் திருத்தினோம். இதை நினைத்தால் இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. 1950களின் தாளொன்றில் உரிமையாளர் ஒரு ஸ்டெர்லிங் கம்பனி, அதாவது பிரிட்டனில் பதிவான கம்பனி. 1980களின் தாளில் அரசின் தோட்ட நிறுவனம். 1992க்குப் பிறகான தாளில் ஒரு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனி. மூன்றையும் ஏற்றினால் ஆர்.டி.எஃப். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதாது, சேர்த்துக்கொண்டே போகும். ஆக ஒரே தோட்டத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று முதலாளிகள்.

மாணவித் தங்கச்சி இதைக் கவனித்துவிட்டு, "உரிமையாளர் ஒருவர்தான் இருக்க முடியும்" என்று, ஆன்டாலஜி விதிகளை எழுதுகிற ஓ.டபிள்யூ.எல். மொழியில் ஒரு விதி எழுதினார். அந்த உறவை ஃபங்ஷனல் என்று அறிவித்தார். சாதாரண டேட்டாபேஸ் என்றால் அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும். ஓ.டபிள்யூ.எல். அப்படி நடக்காது. இரண்டு வேறு பேர் இருப்பதால் இரண்டு வேறு பொருள் என்று அது எடுத்துக்கொள்வதில்லை. "உரிமையாளர் ஒருவர்தான், ஆனால் மூன்று பேர் சொல்லியிருக்கிறது, அப்படியானால் மூன்றும் ஒன்றுதான்" என்று, விதிகளிலிருந்து முடிவெடுக்கும் ரீஸனர் என்ற நிரல் முடிவு கட்டிவிட்டது. லண்டனில் பதிவான கம்பனியும், இலங்கை அரசின் நிறுவனமும், இன்றைய கம்பனியும் ஒரே ஆள்! அந்த ஒரு முடிவிலிருந்து அடுத்தடுத்த முடிவுகள் கிளம்பி, கம்பனியின் தலைமையகமும் தொடங்கிய ஆண்டும் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. தர்க்கத்தில் ஒரு தவறும் இல்லை, தவறு நாங்கள் சொன்னதில் இருந்தது.

செக்ரோல் சொன்ன வழி

அன்று மாலை கணக்கப்பிள்ளை ஐயாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரு செக்ரோல் தாள் இருந்தது. "தம்பி, இதுல எங்கயாவது 'இவ கொழுந்து எடுக்குறவ'ன்னு எழுதியிருக்கா பாருங்க. இன்ன தேதி, இன்ன நம்பர் மலை, முழுப்பேரா அரைப்பேரா, அவ்வளவுதான் இருக்கு. நாளைக்கு அவ கவ்வாத்துக்குப் போனா நாளைக்கு அப்படி எழுதுவோம்." இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலிக் கணக்கு, மலை என்றால் தேயிலை நிற்கிற பகுதி, கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது.

அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. செக்ரோலில் ஆளுக்கும் வேலைக்கும் நேர்க்கோடு கிடையாது. நடுவில் "அன்றைய நாள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஆள், தேதி, மலை, பேர் எல்லாம் அந்தக் கட்டத்தில் வந்து சேருகின்றன. இதே விஷயத்தைத்தான் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் குழுவொன்று 2006 ஏப்ரலில் ஒரு குறிப்பாக வெளியிட்டது, நடாஷா நோயும் ஆலன் ரெக்டரும் அதைத் தொகுத்தார்கள். இரண்டுக்கும் மேற்பட்ட பொருட்கள் சம்பந்தப்பட்ட உறவை ஒரே கோடாக இழுக்காதே, அந்த உறவையே ஒரு பொருளாக ஆக்கு என்பது அதன் சாரம். என்-அரி பேட்டர்ன் என்று அதற்குப் பேர்.

பேட்டர்ன் என்ற யோசனை கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் அலெக்ஸாண்டர் 1977இல் வீடு, தெரு, முற்றம் பற்றி எழுதியதிலிருந்து வந்தது, 1990களில் மென்பொருளில் பரவலானது. ஆன்டாலஜிக்கு அதை 2005 வாக்கில் முறையாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் அல்டோ கங்கேமி. அவரும் வாலன்டினா பிரசுட்டியும் ஈவா புளோம்க்விஸ்டும் இன்னும் பலரும் சேர்ந்து திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்குச் சின்னச் சின்ன விடைகளை ஒரு பொதுக் களஞ்சியமாகத் திரட்டினார்கள். காலத்தோடு கூடிய பொறுப்பு, பகுதியும் முழுமையும், சூழ்நிலை, வரிசை என்று ஒவ்வொன்றும் நாலைந்து வகுப்புகளும் சில உறவுகளும் கொண்ட சின்னத் துண்டு, பெரிய பாரமில்லை. எக்ஸ்ட்ரீம் டிசைன் என்ற அவர்களுடைய வேலைமுறையில், உன் தரவு எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முதலில் எழுது, அப்புறம் அந்தக் கேள்விக்குப் பொருந்துகிற பேட்டர்னைத் தேடு என்பார்கள்.

நான் தலைகீழாகச் செய்திருந்தேன். சட்டகம் முதலில், கேள்வி கடைசியில்.

சரி, மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை வெறும் கேள்விகள் மட்டும். 1958இல் இந்தத் தோட்டம் யார் கையில் இருந்தது? இந்தக் கணக்கு எந்த வருஷம் வரை எந்தத் தோட்டத்தோடு இருந்தது? இந்தப் பேரில் யார் எந்த இடத்தைச் சொன்னார்கள்? இந்தத் தகவல் எந்தத் தாளில் இருக்கிறது? எழுத எழுத ஒன்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாக் கேள்விக்குள்ளும் "எப்போது" இருந்தது, நான் வரைந்த சட்டகத்தில் அந்த "எப்போது"க்கு இடமே இல்லை.

உரிமை என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை

புதிய வடிவத்தில் தோட்டத்துக்கும் கம்பனிக்கும் நடுவில் "பொறுப்புக் காலம்" என்று ஒரு பொருள் வந்தது. அதிலிருந்து ஐந்து கோடுகள்: எந்தத் தோட்டம், யார், என்ன பொறுப்பு, எப்போதிலிருந்து எப்போது வரை, எந்தத் தாள் சொல்கிறது.

"என்ன பொறுப்பு" என்ற கோட்டை நாங்கள் முதலில் நினைக்கவே இல்லை, அந்தப் பேட்டர்ன்தான் கேட்டது. கேட்டதும் மலையகத்தின் சரித்திரமே அதற்குள் வந்து உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் ஒரு கம்பனிக்குச் சொந்தம், நடத்தியதோ பெரும்பாலும் கொழும்பிலிருந்த ஏஜென்சி ஹவுஸ் என்ற முகவர் நிறுவனம். 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டது, கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது 1975இல்தான். அப்புறம் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது, காணி அரசிடமே இருந்தது, பின்னால் நீண்டகாலக் குத்தகை வந்தது. ஆக இன்றைய கம்பனியை "உரிமையாளர்" என்று எழுதியதே பிழை. காணி உரிமை, குத்தகை, முகாமைத்துவம் மூன்றும் வேறு வேறு. நிலமும் வீடும் கேட்டு நிற்கிற எங்கள் சனத்துக்கு இந்த வித்தியாசம் சும்மா ஒரு தொழில்நுட்ப நுணுக்கமில்லை, யாரிடம் போய்க் கேட்பது என்பதே அதில்தான் இருக்கிறது.

ஆட்களுக்கும் இதே மருந்து. "கங்காணி" என்று ஒரு மனித வகையை உண்டாக்கியிருந்தேன், அதை எடுத்துவிட்டோம். கங்காணி என்பது ஒருவர் சில காலம் வகிக்கிற பொறுப்பு, அதற்கு முன்பும் பின்பும் அவர் வேறு ஏதாவதாக இருந்திருப்பார்.

தேதிகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாதித் தாள்களில் தேதி கிழிந்திருக்கும். "1960" என்று ஊகித்து எழுதினால் நாளைக்கு அது உண்மையாகிவிடும். அதனால் ஒவ்வொரு எல்லைக்கும் "இதற்கு முன்னால் இல்லை", "இதற்குப் பின்னால் இல்லை" என்று இரண்டு எண்கள் வைத்தோம்.

தோட்டம் என்பது இடமா, கம்பனியா, ஊரா

எங்களை அதிகம் சண்டை போட வைத்தது இதுதான். பகுதி–முழுமை பேட்டர்ன் பார்க்க எளிது: லயம் கணக்கின் பகுதி, கணக்கு தோட்டத்தின் பகுதி, ஆகவே லயம் தோட்டத்தின் பகுதி என்று ரீஸனரே சொல்லிவிடும். தோட்டம் கம்பனியின் பகுதி என்றும் அதே உறவில் எழுதிவிட்டேன். உடனே ஒரு லயம் கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் "பகுதி" ஆகிவிட்டது. நிலத்தின் பகுதியும் நிர்வாகத்தின் பகுதியும் ஒரே உறவாக இருக்க முடியாது.

யோசித்துப் பார்த்தால் "எங்க தோட்டம்" என்று நாம் சொல்லும்போது மூன்றைச் சொல்கிறோம். தேயிலை நிற்கிற மலை ஒன்று. அதை நடத்துகிற நிறுவனம் ஒன்று. கோயிலும் லயமும் பிள்ளைக் காம்பராவும் (குழந்தைகள் காப்பகம்) சேர்ந்த ஊர் ஒன்று. தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிப் போனாலும் ஊர் இருக்கும். நிறுவனம் கைமாறினாலும் மலை இருக்கும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியாவைப் பாருங்கள், இடம் தண்ணீருக்குள், வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் மேலே தெரியும், ஆனால் மஸ்கெலியா என்ற பேரோடு ஊர் மேலே வேறொரு இடத்தில் நடக்கிறது. மூன்றையும் மூன்று பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேரில்லாத வெறும் எண் முகவரி கொடுத்தோம். எந்தக் கணக்கு எந்தத் தோட்டத்தோடு இருந்தது என்பதும் காலத்தோடு கூடிய ஒரு பொருளானது.

மியூசியங்கள் பயன்படுத்தும் சிடாக் சி.ஆர்.எம். என்ற பெரிய ஆன்டாலஜியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆன நல்ல சாமான் அது. இரண்டு வாரம் முயன்றோம். தாள் ஏற்றுகிற பிள்ளைகள் எந்த வகுப்பில் போடுவது என்று கேட்டே களைத்துவிட்டார்கள். கடைசியில் நிகழ்ச்சிகளை மையமாக வைக்கிற அதன் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேட்டர்ன்களைக்கூட இம்போர்ட் பண்ணவில்லை, வடிவத்தைப் பார்த்து எங்கள் சொற்களால் எழுதி, எது எதற்குச் சமம் என்று ஒரு தனிக் கோப்பில் குறித்தோம். எங்கள் அளவுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பேர்கள்

நுவரெலியா, நூரளை. ஹட்டன், அட்டன். ஹப்புத்தளை, அப்புத்தளை. இவற்றில் ஒன்றைச் சரி, மற்றதைப் பிழை என்று நான் யார் சொல்ல? ஆர்.டி.எஃப்.இல் ஒரு பொருளுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வைக்கலாம், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மொழிக் குறியும் போடலாம். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பேருக்கே தனிக் குறி உண்டு. ஆனால் அது போதவில்லை. யார், எப்போது, எந்தத் தாளில் அந்தப் பேரைச் சொன்னார்கள் என்பதும் வேண்டும், வெறும் எழுத்துச் சரத்தின் மேல் அதைத் தொங்கவிட முடியாது. சொற்பட்டியல்களுக்காக 2009இல் வந்த ஸ்கோஸ் தரத்தோடு ஸ்கோஸ்-எக்ஸ்.எல். என்று ஒரு பின்னிணைப்பு உண்டு, அது பேரையே ஒரு பொருளாக்குகிறது. எங்களுக்கு அதிகம் உதவிய துண்டு அதுதான். தோட்டத்துக்குத் துரைமார் (வெள்ளைக்கார முகாமையாளர்கள்) வைத்த பேர் ஒன்று, சனம் வைத்த பேர் ஒன்று. கச்சேரித் தாளில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத் தாளில், முதலாவதுதான் இருக்கும், பாட்டிமார் வாயில் இரண்டாவதுதான் வரும்.

ஆட்களின் பேரில் இன்னும் கவனமாக இருந்தோம். ஒரே ஆள் செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். "இரண்டும் ஒருவரே" என்று சேம்-ஆஸ் என்ற உறவைப் போட்டுவிட்டால் ரீஸனர் இருவரின் எல்லாத் தகவலையும் ஒன்றாக்கிவிடும், முதலாளிகள் கதைதான் மறுபடி. ஆகவே தாளில் வருகிற பேர் வேறு, மனிதர் வேறு என்று பிரித்தோம், "ஒருவராக இருக்கலாம்" என்பதை யார் சொன்னது, ஏன் சொன்னார் என்பதோடு ஒரு தனித் தீர்ப்பாக எழுதுகிறோம்.

மனிதர்கள் பற்றிய பகுதியை வெளியில் திறக்கவில்லை. 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமை போனது, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசுகளுக்கிடையே கணக்குப் போட்டுப் பிரிக்கத் தொடங்கியது. பட்டியல் என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டம், கணக்கு, பேர், பொறுப்பு, தாளின் விவரம் எல்லாம் திறந்தவை. ஆட்களைக் குடும்பத்தார் கேட்டால் மட்டும்.

கொடுத்த விலை

ஒரே கோடாக இருந்தது இப்போது ஐந்து கோடு. ஆர்.டி.எஃப். தரவிடம் கேட்கிற ஸ்பார்க்கிள் மொழிக் கேள்விகள் நீண்டுவிட்டன, ஆசிரியர்களால் எழுத முடியவில்லை. அதற்காக ஒவ்வொரு இரவும் "இன்றைக்கு யார் பொறுப்பில்" என்ற குறுக்குக் கோட்டை மட்டும் தானாக உண்டாக்கும் ஒரு கன்ஸ்ட்ரக்ட் கேள்வி ஓடுகிறது, அது மூலத் தரவில் சேராது. தாள் குறிப்பிடாத பொறுப்புக் காலம் உள்ளே வராமல் காவல் காப்பது ஷாக்கிள் என்ற சரிபார்ப்பு மொழி. 2017இல் தரமான அதுதான் "இது இல்லை, திருப்பி அனுப்பு" என்று சொல்லும், ஓ.டபிள்யூ.எல்.இடம் நாங்கள் தப்பாக எதிர்பார்த்த வேலை. ஊர்களை விக்கிடேட்டா, ஜியோநேம்ஸ் என்ற திறந்த தரவுத்தளங்களோடு இணைத்தோம், அது ஒரு மத்தியான வேலைதான். பழைய தாள்களை மறுபடி எடுத்து, எக்செல்லில் நாங்கள் அழித்த பேர்களைத் திரும்ப எழுதியதுதான் மாதக்கணக்கில் இழுத்தது.

எல்லாம் ஏற்றி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அட்டையில் இருந்த பேரைப் போட்டோம். ஒரு தோட்டம் வந்தது. அதன் கீழ்க்கணக்கு எந்த வருஷத்துக்குள் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்தது என்பதும், செக்ரோல், சந்தா ரசீது, தமிழில் அடித்த திருவிழா நோட்டீஸ் என்று மூன்று தாள்களும் வரிசையாக வந்தன. தங்கச்சி அதைப் படம் பிடித்துக் கூடலூருக்கு அனுப்பினார்.

அக்கா அன்று இரவே பேசினார். நோட்டீஸில் இருந்த தமிழ்ப் பேரை அவர் தன் பாட்டியிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி, "அது கோயில்காரங்க எழுதுற பேரு, நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, லயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பாறையின் பேரைச் சொன்னாராம். எங்களிடம் இருந்த ஒரு தாளிலும் அது இல்லை. கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டோம், பாறை இன்னும் இருக்கிறது என்றார். அந்தக் கணக்குக்கு நான்காவது பேராக அதைச் சேர்த்தோம். மூலம் என்ற கட்டத்தில் "வாய்மொழி, கூடலூர்" என்று இருக்கிறது.